பிறந்த ஆண்டும் பண வாழ்வும்: தலைமுறைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“உன் வயசுல நான் வீடு வாங்கிட்டேன்.” இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுத் தலைகுனிந்த பலரோடு பேசியிருக்கிறேன். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. கேட்கிறவர் சோம்பேறியும் இல்லை. இருவரும் வேலைக்குப் போன ஆண்டு வேறு, கடன் வாங்கிய வட்டி வேறு, ஓய்வு பெறும்போது கைக்கு வருவதும் வேறு. இதையொட்டி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அமெரிக்காவின் கணக்குகள் அடிக்கடி வரும். நூறு வருடத்துக்கான வேலை, வட்டி, விலைவாசிப் பதிவுகள் அங்கே ஒழுங்காகக் கிடைக்கின்றன என்பதுதான் காரணம்.

ஒரு தலைமுறைக்கே ‘நல்ல நேரம்’ வாய்க்குமா? அப்படியென்றால் உழைப்புக்கு என்ன மதிப்பு?

வாய்க்கும். பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் செய்த ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டுகிறது. ஒருவர் 30 வயதில் சம்பாதிப்பதையும், அவருடைய பெற்றோர் ஏறக்குறைய அதே வயதில் சம்பாதித்ததையும், விலைவாசி ஏற்றத்தைக் கழித்துவிட்டு ஒப்பிட்டார்கள். 1940-ல் பிறந்தவர்களில் சுமார் 90% பேர் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980-ல் பிறந்தவர்களில் அது சுமார் 50% ஆகிவிட்டது. நாற்பது வருடத்தில் மனிதர்களின் சுறுசுறுப்பு பாதியாகக் குறைந்துவிடுமா? பொருளாதாரம் வளர்ந்த வேகம் குறைந்தது ஒரு காரணம். வளர்ந்ததில் பெரும்பங்கு மேல்தட்டுக்கே போய்ச் சேர்ந்தது அதைவிடப் பெரிய காரணம் என்பது அவர்கள் முடிவு.

உழைப்புக்கு மதிப்பு உண்டு. ஒரே ஆண்டில் பிறந்த இருவருக்குள் உழைப்பும் திறமையும் வித்தியாசம் செய்யும். ஆனால் 1940-ல் பிறந்தவரையும் 1980-ல் பிறந்தவரையும் பக்கத்தில் நிறுத்தி, உழைப்பை மட்டும் அளவுகோலாக வைப்பது அநியாயம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்கிறோம். காற்று எப்போது அடிக்கும் என்பது தூற்றுகிறவர் கையில் இல்லையே.

எந்த வயதில் பொருளாதார அடி விழுந்தால் அதிகம் பாதிக்கும்?

என்னைக் கேட்டால் மூன்று வாசல்களைச் சொல்வேன்: முதல் வேலை, முதல் வீட்டுக் கடன், கடைசிச் சம்பளம். இந்த மூன்றில் ஒன்றைக் கடக்கும் ஆண்டில் நாடு நெருக்கடியில் இருந்தால் தழும்பு நெடுநாள் நிற்கும். நடுவில் வரும் நெருக்கடியை, வேலை கையில் இருக்கும்வரை, பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள்.

முதல் வேலையை எடுத்துக்கொள்வோம். கனடாவில் மந்தக் காலத்தில் பட்டம் வாங்கிய ஆண்களின் சம்பளத்தைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நல்ல காலத்தில் வெளிவந்தவர்களைவிட ஆரம்பச் சம்பளம் சுமார் 9% குறைவு. அந்தக் குறை பாதியாக ஐந்து வருடம் ஆனது, மறைய பத்து வருடம் ஆனது. மறைந்ததும் தானாக இல்லை: கிடைத்த சிறிய நிறுவனத்தில் சேர்ந்து, அங்கிருந்து இன்னொன்றுக்கு, பிறகு மற்றொன்றுக்கு என்று தாவித் தாவித்தான் மேலே வந்தார்கள். வேலை மாறிக்கொண்டே இருக்கிறான் என்று வீட்டில் குறை சொல்கிறோமே, அந்த மாற்றம்தான் அவர்களைக் காப்பாற்றியது. கல்லூரித் தரவரிசையில் கீழே இருந்தவர்களில் பலரால் முழுதாக மீள முடியவில்லை.

சிறுவயதில் விழும் அடியும் உண்டு. 1930-களின் பெருமந்தத்தில் வளர்ந்த பிள்ளைகளைச் சமூகவியலாளர் க்ளென் எல்டர் ஆராய்ந்தார். கலிபோர்னியாவின் ஓக்லண்டில் 1920, 21-ல் பிறந்தவர்கள் ஒரு பக்கம், பக்கத்து ஊரான பெர்க்லியில் 1928, 29-ல் பிறந்தவர்கள் மறுபக்கம். அப்பாவின் வருமானம் சரிந்தபோது முதல் கூட்டம் பத்து வயதைத் தொட்டிருந்தது. வீட்டு வேலையிலும் சில்லறைச் சம்பாத்தியத்திலும் தோள் கொடுக்க முடிந்தது. இரண்டாவது கூட்டம் கைக்குழந்தைகளும் சிறு பிள்ளைகளும். வருமானம் இழந்த குடும்பங்களில் இந்தச் சின்னப் பையன்கள்தான் பின்னால் அதிகம் தடுமாறினார்கள். ஏழெட்டு வயது வித்தியாசத்தில் ஒரே நெருக்கடி இரு வேறு நெருக்கடியாகிவிட்டது.

ஒரு தலைமுறையே வாசலில் தவறவிட்டது என்று சொல்ல உதாரணம் உண்டா?

ஜப்பான். அங்கே கம்பெனிகள் பட்டதாரிகளை மொத்தமாகத் தேர்ந்தெடுக்கும், கல்லூரி முடிந்ததும் ஏப்ரலில் எல்லாரும் ஒன்றாக வேலையில் சேருவார்கள். அந்த வண்டியில் ஏறியவருக்கு நிரந்தர வேலை, வருடா வருடம் ஊதிய உயர்வு. ஏறாதவருக்கு அடுத்த வருடம் இடமில்லை, ஏனென்றால் அடுத்த வருடம் புதிய பட்டதாரிகள் வந்துவிடுவார்கள்.

1989 டிசம்பர் 29 அன்று டோக்கியோ பங்குச்சந்தையின் நிக்கேய் குறியீடு, அதுவரை காணாத உச்சமாக, 38,915 புள்ளிகளில் முடிந்தது. அதன்பின் நிலமும் பங்கும் சரிந்தன. ஏற்கெனவே இருக்கும் ஊழியர்களை வெளியேற்றுவது அங்கே எளிதல்ல. ஆகவே கம்பெனிகள் புதிதாக எடுப்பதை வெகுவாகக் குறைத்தன. சுமார் 1993 முதல் 2005 வரை கல்லூரியை விட்டு வந்தவர்களுக்கு ‘வேலைவாய்ப்புப் பனியுகத் தலைமுறை’ என்றே பெயர் விழுந்துவிட்டது. 2000-ல் பட்டம் வாங்கியவர்களுக்கு, தலைக்கு ஒரு வேலை என்ற கணக்குகூடத் தேறவில்லை. ஒப்பந்த வேலை, பகுதிநேர வேலை என்று ஓடியவர்கள் பலர். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு, வீட்டுக்குள்ளேயே முடங்கியவர்களும் உண்டு. ‘8050’ என்று ஒரு பிரச்சினையை ஜப்பானியர் பேசுகிறார்கள்: 80 வயதுப் பெற்றோரின் பென்ஷனில் வாழும் 50 வயதுப் பிள்ளைகள்.

அரசு இவர்களுக்கென்று தனித் திட்டம் அறிவித்தது 2019-ல். முதலில் தவறவிட்டவர்கள் அதற்குள் நாற்பதைத் தாண்டி ஐம்பதை நெருங்கிவிட்டார்கள். நிக்கேய் தன் பழைய உச்சத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரியில். குறியீடு மீண்டுவிட்டது. 22 வயது மீளவில்லை. இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் மனம் கனப்பது இந்த இடத்தில்தான்.

அந்தக் காலத்தில் வட்டி இன்னும் அதிகம், நாங்கள் கட்டவில்லையா என்கிறார்களே?

நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்ப்போம். அமெரிக்காவில் 1 லட்சம் டாலர் வீட்டுக் கடன், 30 வருடம், மாறாத வட்டி. 1981 அக்டோபரில் சராசரி வட்டி 18.63 சதவீதத்தைத் தொட்டது. பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் வட்டியை உயர்த்திப் பிடித்திருந்த காலம். மாதத் தவணை ஏறக்குறைய 1,559 டாலர். 2021 ஜனவரியில் வட்டி 2.65%, தவணை 403. 2023 அக்டோபரில் 7.79%, தவணை 719.

1981-ல் வாங்கியவர் பட்ட பாடு உண்மை, அதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் அவருக்கு இரண்டு விஷயங்கள் கைகொடுத்தன. ஒன்று, வருமானத்தோடு ஒப்பிட்டால் வீட்டின் விலை இன்றைய அளவுக்கு எட்டாத உயரத்தில் இல்லை. இரண்டு, வட்டி அதன்பின் பல வருடம் இறங்கிக்கொண்டே வந்தது. பழைய கடனை அடைத்துக் குறைந்த வட்டியில் புதிதாக எடுத்துக்கொள்ள முடிந்தது. உச்சியில் ஏறியவருக்கு இறங்குவதற்கு வழி இருந்தது.

இப்போது 2021-ஐயும் 2023-ஐயும் பாருங்கள். நடுவில் மூன்று வருடம்கூட இல்லை. ஒரே வகுப்பில் படித்த இருவர், ஒரே சம்பளம், ஒரே அளவு கடன். ஒருவர் 403 கட்டுகிறார், மற்றவர் 719. மாதம் 316 டாலர் வித்தியாசம். 360 மாதம் இப்படியே போனால் வித்தியாசம் மட்டும் 1,13,760 டாலர், வாங்கிய அசலைவிட அதிகம். ‘தலைமுறை’ என்ற சொல்லே இங்கே போதவில்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம் விழுந்துவிடுகிறது. குறைந்த வட்டியில் வாங்கியவர்கள் அந்தக் கடனை விட மனமில்லாமல் வீட்டை விற்காமல் இருப்பதால், தம்பி வாங்குவதற்குச் சந்தையில் வீடும் குறைகிறது.

விலைவாசி ஏறினால் எல்லாருக்கும் நஷ்டம்தானே?

இல்லை. கடன் வாங்கியவருக்கு அது லாபமாகலாம். 1971-ல் அமெரிக்காவில் ஏழரை சதவீதத்துக்கு நெருக்கமான மாறாத வட்டியில் வீட்டுக் கடன் கிடைத்தது. அடுத்த பத்து வருடத்தில், 1973-ன் எண்ணெய் நெருக்கடியும் 1979-ன் நெருக்கடியும் சேர்ந்து, விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று. சம்பளமும் எண்ணிக்கையில் ஏறியது. மாதத் தவணை மட்டும் 1971-ல் எழுதிய அதே தொகை. சம்பளத்தில் பெரும் பாரமாக இருந்த தவணை, பத்து வருடத்தில் லேசாகிவிட்டது. அதே பத்து வருடம் வங்கியில் பணத்தைப் போட்டு வைத்திருந்த முதியவரின் சேமிப்பு கரைந்தது. கடனோடு இருந்த இளம் குடும்பம் மேலே போக, கடனே வாங்காத கட்டுப்பாடான குடும்பம் கீழே போன காலம் அது.

இதன் கொடூரமான வடிவம் ஜெர்மனியில் நடந்தது. 1923 நவம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ஆயுள் முழுக்கச் சேர்த்த தொகைக்கு மதிப்பே இல்லாமல் போனது, கடன்காரர்களின் பாக்கியும் அதே வேகத்தில் கரைந்தது. ரஷ்யாவில் 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அந்த ஒரு வருடத்தில் விலைகள் சுமார் 26 மடங்காயின. சோவியத் சேமிப்பு வங்கியில் முப்பது வருடம் போட்டு வைத்த பணத்தை நம்பியிருந்தவர்களுக்கு, திரும்பவும் சம்பாதிக்க வயது இல்லை. இருபது வயதுக்காரருக்குப் போனது சில வருடச் சேமிப்பு. அறுபது வயதுக்காரருக்குப் போனது ஒரு வாழ்நாள்.

பங்குச்சந்தையில் நீண்ட காலம் இருந்தால் எல்லாத் தலைமுறைக்கும் ஒரே பலன் கிடைக்காதா?

‘நீண்ட காலம்’ எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் குறியீடு 1929 செப்டம்பரில் 381, 1932 ஜூலையில் 41. பழைய உச்சத்தைத் திரும்பத் தொட்டது 1954-ல். ஈவுத்தொகையையும் அன்று இறங்கிய விலைவாசியையும் சேர்த்தால் மீட்சி அவ்வளவு தாமதம் இல்லை என்பது உண்மை. ஆனால் நடுவில் வேலை போய்ப் பங்கை விற்றவருக்கு அந்த மீட்சி கிடையாது. 1933-ல் வேலையில்லாதவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர்.

ஓய்வுக்காலத்தில் பணத்தை எடுத்துச் செலவழிக்கும்போது வேறொரு சிக்கல் வருகிறது: லாப நஷ்டம் எந்த வரிசையில் வருகிறது என்பது. 100 ரூபாய் வைத்திருக்கிறீர்கள், வருடக் கடைசியில் 10 ரூபாய் எடுக்கிறீர்கள். முதல் வருடம் 20% ஏற்றம், அடுத்து 10% ஏற்றம், மூன்றாவது 30% இறக்கம் என்றால் கையில் மிஞ்சுவது 67.70. அதே மூன்று எண்களைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் 30% இறக்கம், பிறகு 10% ஏற்றம், பிறகு 20% ஏற்றம். மிஞ்சுவது 57.20. எதுவுமே எடுக்காமல் இருந்தால் இரண்டிலும் 92.40 தான். எடுக்கிறவருக்கு மட்டும் வரிசை முக்கியம். அமெரிக்காவில் 1960-களின் கடைசியில் ஓய்வு பெற்றவர்களுக்கு இதுதான் நடந்தது: தேங்கிய சந்தை, ஏறும் விலைவாசி. 1982-க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்குச் சந்தை முதலிலேயே ஏறியது. சாமர்த்தியத்தில் இரு தரப்பும் சமம் என்றாலும் முடிவு சமமாக இருக்காது.

பெரியவர்கள் பங்கைக் கண்டாலே பயப்படுகிறார்கள். இது வெறும் பிடிவாதமா?

பிடிவாதம் என்று நான் சொல்ல மாட்டேன். உல்ரிக்க மால்மெண்டியர், ஸ்டெஃபான் நாகெல் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, தங்கள் வாழ்நாளில் சந்தை மோசமாக இருந்ததைப் பார்த்தவர்கள் பங்கில் பணம் போடுவது குறைவு என்று காட்டியது. கண்ணால் கண்டது, புத்தகத்தில் படித்ததைவிட ஆழமாகப் பதிகிறது. சூடு கண்ட பூனைக்கு அடுப்பங்கரை பற்றிய நினைப்பே வேறு. அதே போல, ஏற்றத்தை மட்டுமே பார்த்து வளர்ந்தவரின் தைரியமும் அனுபவத்தின் வார்ப்புதான். அதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

பென்ஷன் விஷயத்தில் முந்திய தலைமுறை அதிர்ஷ்டசாலியா?

முதலில் சேர்ந்தவர்களுக்குப் பலன் பெரிது. அமெரிக்க சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1935-ல். அதில் முதல் மாதாந்திர ஓய்வூதியம் பெற்றவர் வெர்மான்ட்டைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லர். மூன்று வருடம் அவர் செலுத்திய மொத்த வரி 24.75 டாலர். 1940 ஜனவரியில் வந்த முதல் காசோலை 22.54 டாலர். நூறு வயதுவரை வாழ்ந்து, மொத்தம் 22,888.92 டாலர் பெற்றார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. திட்டம் தொடங்கியபோது வயதானவர்களுக்கு உடனே உதவி தேவைப்பட்டது, கொடுத்தார்கள். ஆனால் வேலை செய்கிறவர்களின் வரியில் ஓடும் திட்டத்தில் பிற்பாடு சேருகிறவர்களுக்கு அதே விகிதம் ஒருநாளும் திரும்பி வராது.

கம்பெனிப் பென்ஷன் கதை வேறு. கடைசிச் சம்பளத்தை வைத்து ஆயுள் முழுக்கத் தொகை தரும் ஏற்பாடு பல நாடுகளின் தனியார் துறையில் தேய்ந்து, ஊழியரே சேமித்து முதலீடு செய்யும் கணக்காகிவிட்டது. அமெரிக்காவில் அதற்கு வழி திறந்தது 1978-ல் வரிச் சட்டத்தில் சேர்ந்த 401(கே) பிரிவு. முன்பு சந்தை விழுந்தால் கம்பெனிக்குக் கவலை. இப்போது ஓய்வு பெறப்போகும் 59 வயதுக்காரருக்குக் கவலை.

அப்படியென்றால் போருக்குப் பிந்தைய தலைமுறை முழுவதும் சொகுசாக வாழ்ந்ததா?

இதைக் கேட்காமல் விட்டால் இந்தப் பேச்சே தப்பாகப் போய்விடும். 1944-ல் அமெரிக்கா போர்வீரர்களுக்காக ஒரு சட்டம் போட்டது. படிப்புச் செலவு, வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் இரண்டும் அதில் அடக்கம். சுமார் 78 லட்சம் பேர் அதன் மூலம் படித்தார்கள் அல்லது தொழில் கற்றார்கள். நடுத்தர வர்க்கம் ஒன்று எழும்பியதே அதனால்தான் என்பார்கள். ஆனால் 1947-ல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் எடுத்த கணக்கில், உத்தரவாதம் பெற்ற 3,229 கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை இரண்டு. அதே போரில் நின்றவர்கள், அதே தலைமுறை.

பெண்களும் அப்படித்தான். கடன் தருவதில் பால் அடிப்படையிலும் மண நிலை அடிப்படையிலும் பாகுபாடு கூடாது என்று அங்கே சட்டம் வந்தது 1974-ல். அதற்கு முன் கணவர் கையெழுத்து இல்லாமல் கடன் கேட்ட பெண்ணை வங்கிகள் திருப்பி அனுப்ப முடிந்தது. ‘அந்தத் தலைமுறைக்கு எல்லாம் கிடைத்தது’ என்கிறபோது, யாருக்கு என்று ஒரு கேள்வி உடனே கேட்க வேண்டும்.

2008-ல் வேலை தேடியவர்களும் 2020-ல் தேடியவர்களும் ஒரே மாதிரி பாதிக்கப்பட்டார்களா?

இல்லை, இதில்தான் எனக்கு நம்பிக்கை தரும் விஷயம் இருக்கிறது. 2008 நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் வேலையின்மை 2009 அக்டோபரில் 10% தொட்டது. 5 சதவீதத்துக்கு இறங்க ஆறு வருடம் ஆனது. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றின்போது, 14 சதவீதத்தைத் தாண்டியது, ஆனால் 2021 முடிவதற்குள் 4 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. இரண்டாவது முறை அரசு கையைத் தாராளமாக, சீக்கிரமாகத் திறந்தது ஒரு முக்கியக் காரணம். விலையும் கொடுக்க வேண்டியிருந்தது: 2022 ஜூனில் பணவீக்கம் 9.1% ஆனதில் அந்தச் செலவுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் ஒரு பட்டதாரித் தலைமுறை வாசலிலேயே தேங்கி நிற்கவில்லை.

எதிர்ப்பக்கம் கிரீஸ். கடன் நெருக்கடியில் செலவைச் சுருக்கச் சொல்லி நெருக்கப்பட்ட அங்கே 2013-ல் வேலை தேடிய இளைஞர்களில் 60 சதவீதத்துக்கு நெருக்கமானோருக்கு வேலை இல்லை. படித்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு போனார்கள். மந்தம் வருவதை யாராலும் முழுதாகத் தடுக்க முடியாமல் போகலாம். அது எத்தனை வருடம் நீடிக்கிறது என்பதில் மனிதர்கள் எடுக்கும் முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்றைய இளைஞர்கள் சின்னச் சின்னச் செலவுகளில் பணத்தை விடுகிறார்கள், அதனால்தான் சேரவில்லை என்பது சரியா?

சின்னச் செலவைக் குறைத்தால் சின்னத் தொகை மிஞ்சும். பெரிய தொகை போகும் இடம் வேறு. இங்கிலாந்தில் 1998-க்கு முன் உள்நாட்டு மாணவர் பல்கலைக்கழகக் கட்டணம் கட்டவில்லை. அந்த ஆண்டு 1,000 பவுண்ட் வந்தது. 2012-ல் உச்சவரம்பு வருடத்துக்கு 9,000 ஆனது. முதல் சம்பளம் வாங்கும் முன்பே கடன் தலையில் ஏறிவிடுகிறது. வாடகை அதற்கு மேல்.

கடைசியில் பெற்றோர் சொத்து பிள்ளைகளுக்குத்தானே வரும்?

சொத்து இருக்கும் வீட்டில் வரும். ஆயுள் கூடிவிட்டதால் பலருக்கு அது ஐம்பது, அறுபது வயதில்தான் வரும், வீடும் பிள்ளைகளும் வேண்டியிருந்த முப்பது வயதில் வராது. சொத்து இல்லாத வீட்டில் வராது. ஆகவே இது தலைமுறைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தை நிரப்புவதைவிட, அடுத்த தலைமுறைக்குள்ளேயே புதிய பள்ளத்தைத் தோண்டுகிறது என்பது என் கருத்து.

வீட்டில் இதைச் சண்டையில்லாமல் பேச முடியுமா?

முடியும். ‘நீங்கள் எப்படிச் சேர்த்தீர்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் அறிவுரைதான் வரும். எண்ணாகக் கேளுங்கள். முதல் வேலைக்கு எந்த வருடம் சேர்ந்தீர்கள், எத்தனை நாள் தேடினீர்கள்? வீட்டின் விலை அன்றைய வருடச் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு? கடன் வட்டி என்ன, தவணை சம்பளத்தில் எத்தனை பங்கு? பத்து வருடம் கழித்து அதே தவணை எத்தனை பங்காக இருந்தது? ஒரு தாளில் இடப்பக்கம் அவர்கள் எண், வலப்பக்கம் உங்கள் எண். நான் இதைச் செய்து பார்த்த ஒரு மாலையில், எப்போதும் அதட்டிப் பேசுகிற பெரியவர் நாலாவது வரிசையில் பேனாவை நிறுத்தினார். வலப்பக்கத்து எண்ணைக் காட்டி, “இது மாசத்துக்கா, வருஷத்துக்கா?” என்று கேட்டார். மாதத்துக்கு என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரிசையிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தார்.